கிளுவை வேலிக்கு மேலே

ஐப்பசி பிறந்து சில நாள். காங்கேயத்துக்குத் தெற்கே ஒரு கொரங்காடு. கிளுவை வேலி போட்ட மேய்ச்சல் நிலம்.

விடிந்துவிட்டது. வெயில் இன்னும் தரைக்கு இறங்கவில்லை. கொழுக்கட்டைப் புல்லின் நுனியில் பனி.

வெள்வேல மரத்தின் கீழ்க்கிளையில் காய்ந்த சுள்ளிகள். சுள்ளிகளில் பட்டாம்பூச்சிகள் தொங்குகின்றன. சிறகுகள் மூடியிருக்கின்றன. இடித்துக்கொள்ளவில்லை. விலகியும் இல்லை.

ஒரு கால் அசைகிறது. எதனுடைய கால் என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை.

*

குளிர்ந்த உடலால் பறக்க முடியாது. பறக்கும் தசைகளுக்கு ஏறத்தாழ 30 டிகிரிச் சூடு வேண்டும். அதில் பெரும்பங்கு வெளியிலிருந்துதான் வர வேண்டும்.

ஆகவே காத்திருக்கின்றன.

நானும்.

*

கிழக்கு வேலியின் மேல்விளிம்பில் வெளிச்சம். பிறகு மரத்தின் உச்சி. பிறகு நடுக்கிளை. வெயில் மேலிருந்து ஒவ்வொரு கிளையாக இறங்குகிறது.

வெயில் தொட்ட சுள்ளியில் ஒரு சிறகு திறக்கிறது. உள்ளே கருப்பு. கருப்பில் இளநீலக் கீற்றுகள். ஓரத்தில் புள்ளிகள்.

திறந்தபடியே இருக்கிறது. கருப்பு வெயிலை வாங்குகிறது.

பக்கத்துச் சுள்ளி இன்னும் நிழலில். அங்கே எதுவும் திறக்கவில்லை. இரண்டு சுள்ளிகளுக்கும் நடுவே ஒரு சாண்.

*

கருநீல வரியன். நீல வரியன். வெண்புள்ளிக் கருப்பன். முன்சிறகில் இரட்டைக் கோடு இழுத்த இன்னொரு கருப்பன்.

தென்னிந்தியாவில் பருவத்துக்குப் பருவம் பெருங்கூட்டமாக இடம் மாறுபவை முதன்மையாக இந்த நான்கும்தான். கிளையில் நான்கும் கலந்து கிடக்கின்றன. தொங்கும்போது இனம் பார்த்து ஒதுங்குவதில்லை.

பெயர்களை ஒருமுறை மனதுக்குள் சொல்லிப் பார்க்கிறேன். சொல்லி முடித்த பிறகு பெயர் இல்லாமல் பார்க்கிறேன்.

*

ஆறு கால்கள் உண்டு. நிற்பது நான்கில். முன்னிரண்டும் நெஞ்சோடு மடங்கிச் சிறுத்துப்போனவை.

பெண் அந்தச் சிறுத்த கால்களால் இலையைத் தட்டுகிறது. தட்டிச் சுவை பார்க்கிறது. முட்டையிட ஏற்ற இலைதானா என்று.

இங்கே எதுவும் இலையைத் தட்டவில்லை. வலசையில் இருக்கும் பெண் பூச்சிகள் பலவற்றுக்கு முட்டை இன்னும் முதிர்ந்திருக்காது. உடலின் வலு இப்போது பறப்பதற்கு. பிறப்பிப்பது பிறகு.

*

ஒன்று கிளம்புகிறது.

சத்தம் இல்லை. கிளை கொஞ்சம்கூட ஆடவில்லை. எடை அரை கிராம்கூட இருக்காது.

மரத்தை ஒரு சுற்றுச் சுற்றுகிறது. பிறகு மேற்கு.

அடுத்தது சுற்றவில்லை. நேராக மேற்கு.

*

வேலி வருகிறது. வேலிக்கு மேலே ஏறி அந்தப் பக்கம் இறங்குகின்றன. மோட்டார் ரூம் வருகிறது. அதைச் சுற்றிப் போகலாம், பக்கத்திலேயே வழி இருக்கிறது. சுற்றவில்லை. சுவரோடு ஏறி, ஓட்டுக்கு மேலே போய், மறுபுறம் இறங்கி, விட்ட இடத்திலிருந்து தொடர்கின்றன.

மற்ற நாட்களில் பட்டாம்பூச்சியின் பாதை இப்படி இருக்காது. பூவுக்குப் பூ, வெயிலிலிருந்து நிழல், போன இடத்துக்கே திரும்ப. இன்றைய பாதையில் அந்த வளைவுகள் இல்லை. பூத்திருக்கும் செடிக்குச் சிலது இறங்குகின்றன, குடிக்கின்றன. எழுந்ததும் மறுபடி மேற்கு.

*

ஆடு மேய்க்கும் பாட்டி வேலி ஓரம் நிற்கிறார். தலையில் துண்டு. கையில் தொரட்டி.

"மேக்கால போகுது கண்ணு. மழ வந்துரும்."

அவ்வளவுதான். ஆடுகளோடு நடக்கிறார். பூச்சிகள் அவர் தோளுக்கும் தலைக்கும் பக்கத்தில் கடந்து போகின்றன. கையை வீசி விலக்கவில்லை. அவர் வேகம் மாறவில்லை. அவற்றின் வேகமும்.

*

இரண்டு மழைகளுக்கு நடுவே இந்த நிலம்.

சித்திரை, வைகாசியில் மேற்குத் தொடர்ச்சி மலை வறண்டு முடிந்திருக்கிறது. தென்மேற்குப் பருவமழை நெருங்குகிறது. அது வந்தால் மலையில் நாள்கணக்கில் வெயில் இருக்காது. இலையெல்லாம் நீர். அதற்கு முன்பே பூச்சிகள் மலையை விட்டு இறங்குகின்றன. கிழக்கே வருகின்றன. சமவெளியைக் கடந்து சேர்வராயன் மலை, கொல்லி மலை, பச்சை மலை என்று கிழக்கு மலைகளுக்கு.

அங்கே முட்டை. புழு. கூட்டுப்புழு. சிறகு. ஏறக்குறைய ஒரு மாதம் ஒரு பிறவிக்கு. பிறகு அடுத்தது.

புரட்டாசி முடிந்து ஐப்பசி. இப்போது வடகிழக்கு மழை கிழக்கிலிருந்து வருகிறது. மேற்கு மலையில் பெருமழை ஓய்ந்து, புது இலை விட்டிருக்கிறது.

இப்போது திரும்புகின்றன.

*

திரும்புகின்றன என்று எழுதிவிட்டுப் பேனாவை நிறுத்துகிறேன்.

வைகாசியில் கிழக்கே போனவை இவை அல்ல. அவற்றின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். இவை மேற்கு மலையைப் பார்த்ததே இல்லை.

பார்க்காத இடத்துக்குப் போவதைத் திரும்புவது என்று சொல்லலாமா.

அந்தச் சொல்லை அடிக்காமல் விடுகிறேன்.

*

கொல்லி மலையிலிருந்து நீலகிரிச் சரிவுக்கு நேர்கோட்டில் 150 கிலோமீட்டருக்கு மேல். நடுவே காவிரி. நடுவே நாமக்கல், ஈரோடு, திருப்பூர். லாரிகள். சாயப்பட்டறைகள். விசைத்தறிச் சத்தம். தென்னந்தோப்புகள். காலி மனைகள்.

இந்தக் கொரங்காடு.

*

தூரத்தில் காற்றாலைகள். பல்லடம், தாராபுரம், உடுமலை என்று இந்தச் சமவெளி முழுக்க நிற்கின்றன.

வைகாசி முதல் அவை மேற்கைப் பார்த்து நிற்கும். பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்றுக்கு முகம் கொடுத்து, இரவும் பகலும் சுற்றும். அந்தக் காற்று கிழக்கே போகிறது. அப்போது பூச்சிகளும் கிழக்கே போகின்றன.

இன்று காற்றாலைகளின் முகம் கிழக்கே. மெதுவாகச் சுற்றுகின்றன. ஒன்று சுற்றவே இல்லை.

காற்று மேற்கே போகிறது.

*

கன்னத்தில் காற்று படுகிறது. இடது கன்னத்தில். அப்படியானால் நான் தெற்கைப் பார்த்து நிற்கிறேன்.

இதுவரை அதைக் கவனிக்கவில்லை.

*

வேலியில் பெருங்குறிஞ்சான் ஏறியிருக்கிறது. கிளுவை முள்ளைச் சுற்றிச் சுற்றி மேலே போய், வெயிலில் அகலமான இலைகளை விரித்திருக்கிறது. பச்சை நிறப் பூ. தள்ளி நின்றால் பூத்திருப்பதே தெரியாது.

வரியன்களின் புழுக்கள் தின்பது இதன் இலையை.

நச்சுப்பால் வகையைச் சேர்ந்த கொடி. இதைத் தின்று வளரும் புழுவும் பறவைக்கு உகந்ததில்லை, அதிலிருந்து வரும் பூச்சியும் உகந்ததில்லை. ஒளிய வேண்டிய அவசியம் இல்லாத உடல். அதனால் மெதுவாகப் பறக்க முடிகிறது. கீற்றுகளைக் காட்டிக்கொண்டு பறக்க முடிகிறது.

மின்கம்பியில் ஒரு கரிச்சான். வெட்டுக்கிளிக்கு இறங்குகிறது. மறுபடி கம்பி. அதன் கீழே வரியன்கள் வரிசையாகப் போகின்றன. கரிச்சான் தலையைத் திருப்பி அவற்றைப் பார்க்கிறது. இறங்கவில்லை.

*

ஓர் இலையைத் திருப்புகிறேன். பின்பக்கத்தில் ஒரு புழு.

வெள்ளையும் கருப்பும் மஞ்சளுமாகக் கோடுகள். தலைப்பக்கம் இரண்டு மெல்லிய இழைகள், வால்பக்கம் இரண்டு. தின்றுகொண்டிருக்கிறது. இலையின் விளிம்பு மேலிருந்து கீழாகக் குறைகிறது. மறுபடி மேலே போய் அங்கிருந்து தொடங்குகிறது.

இது சிறகு பெறும்போது ஐப்பசி முடிவாகிவிடும். அப்போதும் மேற்கே போகுமா, இங்கேயே இருந்துவிடுமா. கூட்டம் போகும்போதும் சிலது தங்கிவிடுவதுண்டு.

இலையை இருந்தபடியே விடுகிறேன்.

*

வெண்புள்ளிக் கருப்பனுக்கு இந்தக் கொடி வேண்டாம். அதற்கு அரளி போதும். ஆல் போதும், அரசு போதும், நன்னாரி போதும். வீட்டு வாசலில் வைத்த செவ்வரளியில்கூட முட்டை வைக்கும்.

அதன் கூட்டுப்புழு அரளி இலைக்கு அடியில் தொங்கும். துலக்கிய எவர்சில்வர் சொம்பு போல அவ்வளவு பளபளப்பு. பக்கத்து இலையின் பச்சை அதில் தெரியும். குனிந்து பார்த்தால் வானம் தெரியும்.

சிறகு வெளியே வந்ததும் அந்தப் பளபளப்பு போய்விடும். மிஞ்சுவது மங்கலான ஒரு தோல்.

*

வேலி முடியும் இடத்தில் கிலுகிலுப்பைச் செடிகள். பாதி காய்ந்தவை. காய்கள் முற்றி, கை பட்டால் உள்ளே விதைகள் உருளும் சத்தம்.

செடியே தெரியாத அளவுக்கு வரியன்கள்.

தேனுக்காக வந்தவை இல்லை. பூ உதிர்ந்து நாளாகிறது. ஒடிந்த தண்டிலும் வாடிய இலையிலும் காயின் தோலிலும் மொய்க்கின்றன. கால் நகத்தால் கீறுகின்றன. கீறிய இடத்தை உறிஞ்சுகுழலால் நனைத்து, நனைந்ததை உறிஞ்சுகின்றன.

பெரும்பாலும் ஆண்கள். செடியின் கசப்பில் ஒரு வேதிப்பொருள் இருக்கிறது. அதைக் கொண்டுதான் ஆண் தன் வாசனையைச் செய்கிறது. வயிற்றின் நுனியில் ஒளிந்திருக்கும் மயிர்க்கற்றையை விரித்து, பெண்ணின் முன்னால் அந்த வாசனையைத் தூவும். அது இல்லாத ஆணைப் பெண் ஏற்பது அரிது. அதே கசப்பு உடலுக்குக் காவலும் ஆகிறது.

முகர்ந்து பார்க்கிறேன். எனக்கு எந்த வாசனையும் இல்லை. காய்ந்த செடியின் வாசனை மட்டும்.

*

அருகில் உட்காருகிறேன். அவை எழவில்லை.

நிறைய சிறகுகள் ஒரே இடத்தில் திறந்து மூடும்போது ஒரு சிறு காற்று உண்டாகிறது. முகத்தில் படுகிறதா, பட்டதாக நினைக்கிறேனா.

மூச்சு தானாக மெதுவாகிறது. அதைக் கவனித்ததும் மாறிவிடுகிறது. கவனிப்பதை விடுகிறேன்.

*

கொடைக்கானல் நினைவுக்கு வருகிறது. மலை உச்சியில், 2,300 மீட்டருக்கு மேலே, சூரியனைப் பார்ப்பதற்கென்றே ஓர் ஆய்வகம்.

ஜான் எவர்ஷெட் அங்கே 1907இல் வந்து சேர்ந்தார். 1909 ஜனவரியில், சூரியக் கறையின் விளிம்புப் பகுதியில் வாயு நடுவிலிருந்து வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டார். இன்றும் வானியலில் அது அவர் பெயரால் வழங்குகிறது. பிறகு அந்த ஆய்வகத்தின் இயக்குநர் ஆனார். 1923 வரை அங்கே இருந்தார்.

அவர் பட்டாம்பூச்சிகளையும் பார்த்தார்.

அவற்றின் வலசை பற்றி ஒரு சிறு கட்டுரை எழுதினார். 1910இல், பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில். வலசையோடு வேடத்தையும் சேர்த்து யோசித்த கட்டுரை.

சூரியனை விட்டுக் கண்ணை எடுத்த நேரங்களில் எழுதியதாக இருக்க வேண்டும். அல்லது எடுக்காமலே. மலை உச்சியில் வெயில் அடித்தால்தான் இரண்டையும் பார்க்க முடியும்.

*

வேடம்.

நஞ்சில்லாத ஒரு பூச்சி, நஞ்சுள்ளதன் உடையைப் போட்டுக்கொள்கிறது. அழகி வகையில் ஒன்று இருக்கிறது, ஒரே இனத்தில் இரண்டு உருவம். ஓர் உருவம் வெண்புள்ளிக் கருப்பனைப் பார்த்துச் செய்தது. மற்றொன்று நீல வரியனைப் பார்த்துச் செய்தது. மெதுவாகப் பறப்பதைக்கூடக் கற்றிருக்கிறது. தொந்தரவு செய்தால் மறந்து வேகமாகப் பறந்துவிடும்.

போகும் கூட்டத்தில் யார் யார் வேடம் என்று தேடிப் பார்க்கிறேன். கண் வலிக்கிறது. எல்லாம் மேற்கே போகின்றன.

*

1927இல் காரிங்டன் வில்லியம்ஸ் என்ற பூச்சியியலாளர் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் நடக்கும் பட்டாம்பூச்சி வலசை பற்றி ஒரு நீண்ட ஆய்வை லண்டனில் வெளியிட்டார். அதற்கு அடிப்படையாக இருந்தவை, இங்கே வாழ்ந்து பார்த்த சிலர் எழுதிவைத்த குறிப்புகள். கொடைக்கானல் எவர்ஷெட்டின் குறிப்புகளும் அதில் உண்டு.

தேதி. திசை. காற்று. எந்த இனம்.

சூரியனின் கறையை அளந்த அதே கை இதையும் எழுதியிருக்கிறது. இதை நினைக்கும்போது மனம் நிறைகிறது. ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை.

*

சூரியனைப் பார்த்துத் திசை அறிபவை பட்டாம்பூச்சிகள்.

ஆனால் சூரியன் ஓரிடத்தில் நிற்பதில்லை. காலையில் முதுகுக்குப் பின்னால் இருப்பது மாலையில் முகத்துக்கு முன்னால். அதை மட்டும் பிடித்துக்கொண்டு பறந்தால் பாதை நாள் முழுக்க வளைந்துகொண்டே போகும். நேரம் தெரிய வேண்டும். இப்போது மணி என்ன, ஆகவே சூரியன் எங்கே இருக்க வேண்டும், ஆகவே மேற்கு எது.

வட அமெரிக்காவின் மொனார்க் இந்த வரியன்களுக்கு உறவு. அதன் உணர்கொம்புகளுக்குள் அந்தக் கடிகாரம் இருப்பதை 2009இல் கண்டார்கள். கொம்புகளில் கருப்புப் பூச்சு பூசி வெளிச்சத்தை மறைத்தபோது, பூச்சிகள் நேர்கோட்டில்தான் பறந்தன. தவறான திசையில். நிறமில்லாத பூச்சு பூசியவை சரியான திசைக்குப் போயின.

தவறான திசையில் நேராகப் பறந்தவற்றை நினைக்கிறேன். அவற்றுக்கு அது சரியாகத்தான் இருந்திருக்கும்.

*

மொனார்க்குகள் குளிர்காலத்துக்கு எங்கே போகின்றன என்று வடக்கே இருந்தவர்கள் வெகுகாலம் தேடினார்கள். 1975 ஜனவரியில் கேத்தலினா அகுவாடோவும் கென் பிரக்கரும் மெக்சிகோவின் மிச்சோவாகான் மலைகளில் அந்த மரங்களைக் கண்டார்கள். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,000 மீட்டர். ஒயாமெல் என்ற ஊசியிலை மரங்கள். கிளைகள் எடை தாங்காமல் வளைந்திருந்தன.

மலையடிவாரத்து ஊர்க்காரர்களுக்கு அது ஒவ்வோர் ஆண்டும் தெரிந்த விஷயம். நவம்பர் தொடக்கத்தில், இறந்தவர்களை வரவேற்கும் நாட்களில் அவை வந்து சேரும். இறந்தவர்களே வருகிறார்கள் என்று சொல்வார்கள்.

*

இலங்கையில் சிவனொளிபாத மலைக்கு யாத்திரை நடக்கும் மாதங்களில் பட்டாம்பூச்சிகளும் மலை நோக்கிப் போகும். பாதத்தை வணங்கிவிட்டு அங்கேயே உயிரை விடுகின்றன என்பது அங்குள்ளவர்களின் நம்பிக்கை. சுற்றிலும் தேயிலைத் தோட்டங்கள். கொழுந்து பறிக்கும் கைகளுக்கு மேலே ஒரே திசையில் போகும் வெள்ளையும் மஞ்சளும்.

இங்கே அப்படி ஒரு மலை இல்லை. பாட்டிக்கு மழை. எனக்குத் திசை.

*

மேகம்.

வெயில் ஒரு நொடியில் போகிறது. புல்லின் நிறம் மாறுகிறது. மோட்டார் ரூம் சுவர் மாறுகிறது.

வேலிக்கு மேலே வந்துகொண்டிருந்தவை குறைகின்றன. ஒன்று. சற்றுக் கழித்து ஒன்று. அப்புறம் இல்லை.

எல்லாம் எங்கேயோ உட்கார்ந்திருக்கின்றன. கிளுவையில், புல்லில், காய்ந்த சுள்ளியில். சிறகை மூடினால் உள்நிறம் மறைந்து, வெளிப்பக்கத்தின் மங்கிய பழுப்பு மட்டும். கண்ணுக்குத் தட்டுப்படவில்லை.

காடு நிறைந்திருக்கிறது. காடு காலியாக இருக்கிறது.

*

மேகம் நகரவில்லை.

காத்திருக்கும்போது மனம் கணக்குப் போடுகிறது. மலைக்கு இன்னும் எவ்வளவு தூரம். மழை எந்த மணிக்கு. இன்று இரவு எந்த மரம். நாளை எத்தனை பேர் மீதி.

பூச்சிகள் கணக்குப் போடவில்லை என்று எழுத நினைக்கிறேன். அதை எப்படி எழுத முடியும். அவற்றின் கொம்புகளுக்குள் ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கிறது.

எழுதவில்லை.

*

தூறல். நான்கைந்து துளி. மண்ணில் வட்டங்கள். மண் வாசனை எழுவதற்குள் நின்றுவிடுகிறது.

வெயில்.

கிளுவையில் ஒரு சிறகு திறக்கிறது.

*

தாராபுரம் ரோடு. காட்டிலிருந்து நடந்தால் பக்கம்தான். ரோட்டைக் குறுக்கே கடக்கின்றன. நெஞ்சளவு உயரம். காரின் முகப்பு உயரமும் அதுவே.

ஒரு கார் போகிறது. காற்று அவற்றைத் தூக்கி எறிகிறது. பெரும்பாலானவை மறுபடி நிமிர்ந்து பறக்கின்றன. ஒன்று தார்மேல்.

ஒரு பஸ்.

ரோட்டு ஓரத்தில் சிறகுகள். நீலக் கீற்று அப்படியே இருக்கிறது. எடுத்தால் விரலில் கருப்புத் தூள். தூள் என்பது செதில். ஒவ்வொரு செதிலுக்கும் ஒரு நிறம்தான். கீற்றும் புள்ளியும் அவற்றை அடுக்கிய விதத்தில் வருவது.

எறும்புகள் உடலைக் கொண்டுபோகின்றன. சிறகை விட்டுவிடுகின்றன.

விரலைத் துடைக்க மனம் வரவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருக்கிறேன். பிறகு துடைக்கிறேன்.

*

இந்த மாதத்தில் இந்த ரோட்டில் காலை ஒன்பதிலிருந்து பதினொன்று வரை வண்டிகள் கொஞ்சம் மெதுவாகப் போனால் போதும். யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை. இங்கே எழுதி வைக்கிறேன்.

*

வலசையைக் கணக்கெடுக்க ஒரு வழி உண்டு. இரண்டு மரங்களுக்கு நடுவே மனதில் ஒரு கோடு போட்டுக்கொள்ள வேண்டும். ஐந்து நிமிடம். கோட்டைக் கடப்பவற்றை மட்டும் எண்ண வேண்டும். திசை, காற்று, மேகம். பிறகு அடுத்த ஐந்து நிமிடம்.

கோயம்புத்தூரிலும் சேலத்திலும் சில நண்பர்கள் இதை ஆண்டுதோறும் செய்கிறார்கள். ஒருவர் ஏற்காட்டில் நிற்பார், ஒருவர் சிறுவாணி அடிவாரத்தில். எண்கள் ஓரிடத்தில் சேரும். அப்படிச் சேர்ந்த எண்களிலிருந்துதான் ஐப்பசியின் திசையும் வைகாசியின் திசையும் நமக்குத் தெரிகின்றன.

வெள்வேலுக்கும் மோட்டார் ரூமுக்கும் நடுவே கோடு போடுகிறேன்.

எண்ணும்போது ஒவ்வொன்றும் ஒன்றாகிறது. எண்ணாதபோது எல்லாம் சேர்ந்து ஒரு போக்கு. இரண்டையும் ஒரே நேரத்தில் பார்க்கக் கண்ணால் முடியவில்லை.

ஐந்து நிமிடம் முடிகிறது. எண்ணைக் குறிக்கிறேன். கோடு இன்னும் அங்கே இருக்கிறது. கடந்துகொண்டே இருக்கின்றன.

*

கொடைக்கானல் ஆய்வகத்தில் 1904 முதல் எடுத்த சூரியப் படங்கள் இருக்கின்றன. வானம் தெளிந்த நாளெல்லாம் ஒரு படம். நூறு ஆண்டுக்கு மேலாக ஒரு நட்சத்திரத்தின் முகம்.

வலசைக்கு அப்படி ஒரு தொடர்ச்சி இல்லை. அங்கங்கே ஒரு கடிதம், ஒரு கட்டுரை, ஒரு நோட்டு. நடுவில் ஆண்டுகள் வெறுமையாக. அந்த ஆண்டுகளிலும் ஐப்பசி வந்தது. இந்த வேலியை அவை கடந்தன.

அந்த வெற்றிடங்களுக்காக வருத்தப்படுகிறேன். வருத்தம் வந்து நிற்கிறது. கொஞ்சம் கழித்துப் போகிறது.

*

கல்லாறு. வேறொரு நாள். மேட்டுப்பாளையம் தாண்டி, மலை தொடங்கும் இடம்.

ஆற்று மணலில் ஈரம். கொன்னை வெள்ளையன்கள் வட்டமாக உட்கார்ந்து உப்பு நீர் உறிஞ்சுகின்றன. அவற்றைக் கடந்து, பாக்குத் தோப்புக்கு மேலே, வரியன்கள் போகின்றன. இங்கே பாதை சாய்ந்திருக்கிறது. மேற்கு இப்போது மேலே இருக்கிறது.

சமவெளியில் பார்த்த அதே வேகம். அவசரம் கூடவில்லை. வந்துவிட்டோம் என்ற அடையாளம் எதிலும் இல்லை.

மரங்களுக்குள் போனதும் கண்ணுக்குத் தெரிவதில்லை. நிமிர்ந்து பார்த்த கழுத்து வலிக்கிறது.

*

மலைக்குள் ஒரு பெண் பூச்சி எங்கேயோ ஓர் இலையைத் தட்டும். சிறுத்த முன்கால்களால்.

அதன் தாய் தட்டியது கொல்லி மலையில். பாட்டியோ கொள்ளுப்பாட்டியோ தட்டியது இந்த மலையில்.

*

மறுபடி கொரங்காடு. வேலி ஓரமாக நடக்கிறேன்.

கிளுவை வேலி நூறு ஆண்டு நிற்கும் என்பார்கள். முள்ளும் இலையுமாக, ஓணானுக்கும் குருவிக்கும் கொடிக்கும் இடம் கொடுத்து. மாடு மேய்க்கக் காட்டைத் தடுத்தவர்கள் போட்டது. பெருங்குறிஞ்சானை யாரும் நடவில்லை. வேலி இருந்தது, விதை பறந்து வந்தது.

சில காடுகளை விற்றுவிட்டார்கள். அங்கே வேலியைப் பொக்லைன் வாரிவிட்டது. கல்லுக்கால் நட்டுக் கம்பி இழுத்திருக்கிறார்கள். அடியில் களைக்கொல்லி அடித்த மஞ்சள் பட்டை. கம்பிக்கு மேலேயும் பூச்சிகள் கடந்து போகின்றன. ஏறி, இறங்கி, அதே போல.

வைகாசியில் கிழக்கே வரும்போது முட்டை வைக்க இலை வேண்டும். வழியில் பூ வேண்டும். கிலுகிலுப்பை வேண்டும். இவை மூன்றும் வேலியடியில்தான் இருக்கின்றன. காட்டுக்குள் புல்லும் வெள்வேலும் மட்டும்.

கம்பி வேலிக்காரர் ஒருவர் தன் கல்லுக்காலில் ஏறிய கொடியை அறுக்காமல் விட்டிருக்கிறார். மறந்துவிட்டாரா, வேண்டும் என்றே விட்டாரா. இலையைத் திருப்பிப் பார்க்கிறேன். அடியில் ஒரு வெள்ளை முட்டை.

நோட்டில் குறித்துக்கொள்கிறேன். எந்த வேலியில் கொடி இருக்கிறது, எதில் இல்லை. ரோட்டுக்கு மேற்குப் பக்கம் முழுக்கப் பார்த்தாயிற்று. கிழக்குப் பக்கம் இன்னும் பார்க்கவில்லை.